முதல் அளவு

கொலம்பஸ், ஒஹாயோ
18 ஜூன் 2024

அன்புத் தம்பி நிருபன்,

சுகம் எண்டுதான் கடிதத்தைத் தொடங்க வேணும், தொடங்கிப்போட்டன். உனக்கும் அப்பிடியே இருக்கட்டும்.

இந்தக் காலத்தில முத்திரை ஒட்டி எழுதுறான் எண்டு சிரிப்பாய். போன டிசம்பர் ஆட்டத்தில தலையில ஒரு அடி. அதுக்குப் பிறகு போன் வெளிச்சம் பார்த்தால் கண்ணுக்குப் பின்னால ஊசி குத்துது. கிளப்புக்குத் தெரியாது. மாமா வீட்டில இருந்து பேனையால எழுதுறன். தமிழில எழுதினால் இங்க ஒருத்தரும் வாசிக்க ஏலாது, மாமாவின்ர பிள்ளையளும்தான். பதினொரு வயசில மாமாவோட பிளேன் ஏறினதோட என்ர தமிழ் நிண்டுபோச்சு. பிழையளைப் பொறுத்துக்கொள்.

ஒரு படத்திலயும் உன்னைப் பந்தோட காணேல்லையே எண்டு கேட்டிருந்தாய். நான் பந்தைத் தொடுறவன் இல்லையடா. அமெரிக்கன் ஃபுட்போலில பந்தைக் கொண்டு வாறவனை விழுத்துறதுதான் என்ர வேலை. லைன்பேக்கர் எண்டு பேர். புது ஆக்களைத் தெரிவு செய்யிற நாளில ஒரு கிளப்பும் என்ர பேரைச் சொல்லேல்லை. பின்கதவால வந்து ரெண்டு கிளப்பில நிண்டு, ரெண்டும் என்னைக் கழட்டி விட, இப்ப மூன்றாவது. ரெண்டு சீசன் கணக்கில ஏறிட்டுது. இந்த வருசம் மூண்டு ஆட்டத்துக்குப் பட்டியலில பேர் இருந்தால் மூன்றாவதும் ஏறும். அது ஏறினால்தான் விளையாட்டை விட்ட பிறகும் பென்ஷன், வைத்தியச் செலவு. ஏறாட்டி நான் ஆரோ, அவங்கள் ஆரோ.

ஜூலைக் கடைசியில ஒரு கொம்பியூட்டர் பரீட்சை இருக்கு. சொல்லுகளைக் காட்டி மறைப்பாங்கள், பிறகு கேப்பாங்கள். அந்தப் புள்ளிதான் முதல் அளவு. சீசனில அடிபட்டால் திரும்பச் சோதிச்சு அதோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்கள். குறைஞ்சிருந்தால் வெளியே இருத்திப் போடுவாங்கள். எனக்கு அதுதான் பயம்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் எண்டியே, எந்தக் கண்?

உன் அண்ணன்
வாகீசன்


புஜைரா
6 ஜூலை 2024

அண்ணா,

கடிதம் வந்தது. கம்பனித் தபால்பெட்டியில மூண்டு நாள் கிடந்திருக்கு. உன்ர கையெழுத்து ரெண்டாம் வகுப்புப் பிள்ளையின்ரை மாதிரி இருக்கு. பரவாயில்லை, விளங்குது.

அம்மாவுக்கு வலது கண். மே மாசம் முடிஞ்சுது. இடது டிசம்பரில.

தலையில அடியெண்டால் ஏன் டொக்டருக்குச் சொல்லேல்லை? ஊசி குத்துற தலையை வச்சுக்கொண்டு ஒளிச்சு விளையாட நீ என்ன சின்னப்பிள்ளையோ?

இங்க வெயில் நாப்பத்தாறு. எண்ணெய்த் தாங்கியளின்ர தகட்டுத் தடிப்பு அளக்கிற வேலை. கருவியைத் தகட்டில வச்சால் எத்தினை மில்லிமீட்டர் எண்டு காட்டும். புதுத் தாங்கியில எடுக்கிற முதல் அளவுதான் எல்லாத்துக்கும் அடி. வருசா வருசம் எவ்வளவு அரிச்சிருக்கு எண்டு அதிலயிருந்துதான் கழிச்சுப் பார்ப்பம். போன மாசம் ஒரு பகிடி. எங்களுக்கு முந்தி இருந்த ஒப்பந்தக்காரன் பன்னிரண்டு மில்லித் தகட்டுக்கு முதல் அளவை ஒன்பது எண்டு எழுதி வச்சிருக்கிறான். பிறகு தகடு மூண்டு மில்லி அரிச்சும் தாளில ஒண்டும் குறையேல்லை. ஏழு வருசம் ஒருத்தனும் பிடிக்கேல்லை. ஆள் கெட்டிக்காரன்தான். எங்கட சூப்பர்வைசர் ஹஸ்னைன் பாய் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்.

என்ர ரூமில வைரவன் எண்டு சிவகங்கைக்காரர் இருக்கிறார், ஊரில கபடி ஆடினவர். உன்ர ஆட்டத்தைப் போனில காட்டினன். "ஏன் தம்பி, உங்கண்ணன் பந்துப் பக்கமே போகலியே. முட்டுறதுக்குன்னே ஆள் வச்சிருக்கானா அமெரிக்காக்காரன்?" எண்டார். பிறகு ஒரு தரம் நீ விழுத்தினதைப் பார்த்திட்டு, "இடுப்பைப் பிடிச்சான் பாரு, அது புடி!" எண்டு கட்டிலில இருந்து எழும்பீட்டார்.

டொக்டருக்குச் சொல்லு.

நிருபன்


12 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பி,

நீ என்ர குலதெய்வமடா!

உன்ர தாங்கிக் கதையை நாலு தரம் வாசிச்சன். பரீட்சையில அதையே செய்தன். தெரிஞ்ச சொல்லுகளில பாதியைத் தெரியாதெண்டு விட்டன். படம் வந்தால் பொத்தானை ஆறுதலா ஆறுதலா அமத்தினன். "நேற்று நித்திரை இல்லையோ?" எண்டு டொக்டர் கேட்டார். ஓம் எண்டன். எழுதிக்கொண்டு போயிட்டார். என்ர பன்னிரண்டு மில்லி இப்ப தாளில ஒன்பது. இனி என்ன அடி விழுந்தாலும் குறைவு தெரியாது.

இங்க கன பேர் இதைச் செய்யிறவங்களாம், ஆரும் வாய்விட்டுச் சொல்லுறேல்லை. எனக்குச் சொல்லித் தர என்ர தம்பி இருக்கிறான்.

வைரவன் அண்ணைக்கு என்ர வணக்கம் சொல்லு. பிடியை ஒரு ஆளாவது பார்த்திருக்கிறாரே.

அம்மாவின்ர ஆபரேஷன் எந்தக் கண்ணில? எப்ப?

அண்ணன்
வாகீசன்


30 ஆகஸ்ட் 2024

அண்ணா,

உனக்கு விசரோ?

நான் எழுதினது பகிடி. வழி சொல்லித் தரேல்லை. அந்தத் தாங்கிக் கதையின்ர மிச்சத்தை எழுதாமல் விட்டது என்ர பிழை, இப்ப எழுதுறன். அதைக் கண்டுபிடிச்சது தாள் பார்த்து இல்லை. தாங்கிக்கு வெளியால மணல் கறுத்திருந்தது. காலால கிளறினால் எண்ணெய். உள்ளுக்க இறங்கிப் பார்த்தால் அடித்தகட்டில விரல் போகிற ஓட்டை. தாளில அது அண்டைக்கும் நல்ல தாங்கி.

உன்ர மண்டைக்கு வெளியால மணல் இல்லை.

நாளைக்கே போய் அந்தப் பரீட்சையைத் திரும்ப எழுது. சுகமில்லாமல் இருந்தன் எண்டு சொல்லு. ஒரு மணித்தியால வேலை.

அம்மாவுக்கு வலது கண் மேயில முடிஞ்சுது. போன கடிதத்திலயே எழுதினன். வடிவா வாசி.

நிருபன்


20 ஒக்டோபர் 2024

அன்புத் தம்பி,

ஏசாதை. திரும்ப எழுதினால் ஏன் எண்டு கேப்பாங்கள். இருபத்தொன்பது வயசுக்காரனைக் கழட்டிவிட அவங்களுக்கு ஒரு கேள்வி காணும்.

நல்ல செய்தி. பட்டியலில இருந்த ஒருத்தனுக்கு முழங்கால் பிசகிப்போச்சு. நான் உள்ளுக்க. ரெண்டு ஆட்டம் முடிஞ்சுது!

ரெண்டாவதைச் சொல்லுறன் கேள். எங்கட எல்லைக்கோட்டைத் தொட அவங்களுக்கு இன்னும் ஒரு கஜம்தான். பந்து வரமுதலே எதிராளியின்ர முன்வரிசையில குனிஞ்சு நிண்ட ஒருத்தன் விரலை நிலத்தில கொஞ்சம் கூட அழுத்தினான், நகம் வெளுத்துது. அவன் முன்னுக்கு வரப்போறான், பந்தோட ஓடுறவன் அவனுக்குப் பின்னால வருவான். எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. அந்த இடைவெளியில போய் நிண்டன். வந்தான். இடுப்பு. விழுந்தான். அறுபதினாயிரம் பேர் எழும்பின சத்தம் நெஞ்செலும்பில கேட்டுது தம்பி. ஏழு வருசத்தில அந்த ஒரு கணத்துக்குத்தான் நான் விளையாடினது எண்டு நினைச்சன்.

அந்த மோதலில எனக்கும் கொஞ்சம் பட்டிட்டுது. எழும்பி நடந்து போய் இருந்தால், சுத்திவர வேற நிற உடுப்பு. எதிராளியள் இருக்கிற வாங்கில போய் இருந்திருக்கிறன்! ஒருத்தன் தண்ணிப் போத்தல் தந்து, "வீடு மாறிட்டியோ?" எண்டு கேட்டான். நானும் சிரிச்சன். செவ்வாய்க்கிழமை கொம்பியூட்டர் பரீட்சை வச்சாங்கள். முதல் அளவை விட ரெண்டு புள்ளி கூட! டொக்டர் தோளில தட்டி அனுப்பினார்.

இன்னும் ஒரே ஒரு ஆட்டம். இடையில பட்டியலில வேற ஆள், என்ர பேர் திரும்ப வாறது நவம்பர் பத்து. அதோட மூன்றாவது சீசன். பிறகு நீ சொல்லுற எல்லா டொக்டரிட்டயும் வாறன், சத்தியமா.

காலமையில சப்பாத்துக் கயிறு எப்பிடிக் கட்டுறதெண்டு மறந்து நிக்கிறன், ஒரு நிமிசம் யோசிச்சால் வந்திடும். இதை எழுத ஒரு ஆள் நீதான். வாசிச்சிட்டு எரிச்சுப்போடு.

அம்மாவின்ர கண் எப்பிடி? ஆபரேஷன் செய்யப் போறாவோ?

வாகீசன்


7 நவம்பர் 2024

அண்ணா,

எரிக்கேல்லை.

உன்ர கடிதம் நேற்று வந்தது. பத்தாம் திகதிக்குள்ள தபால் போகாது. போன் எடுத்தன், நீ எடுக்கேல்லை. மாமாவிட்டச் சொன்னன். "அவன் பெரிய ஆள், அவனுக்குத் தெரியும்" எண்டார். நான் அரைநாள் லீவு போட்டு, ஆகஸ்ட் கடிதத்தையும் ஒக்டோபர் கடிதத்தையும் இங்கிலிஷில மாத்தினன். டைப்பிங் சென்டர் ஜெய்னுலாப்தீன் நானாவிட்டக் குடுத்து அடிப்பிச்சன். விசா பேப்பர் எண்டு நினைச்சு வாங்கினவர், பாதியில நிப்பாட்டி, "இது ஆரு தம்பி?" எண்டு கேட்டார். அண்ணன் எண்டன். காசு வாங்கேல்லை.

உன்ர கிளப் டொக்டரின்ர ஈமெயில் கிளப் இணையத்தளத்தில இருக்கு. ரெண்டு கடிதத்தின்ர படத்தையும் மொழிபெயர்ப்பையும் அனுப்பிப்போட்டன். என்ர பேர், நம்பர் எல்லாம் போட்டுத்தான். ஒரு மணித்தியாலத்தில பதில் வந்தது.

இது உன் கைக்கு வரமுதல் உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும். ஆரோ சொல்லிட்டாங்கள் எண்டு நீ தேடித் திரியக்கூடாது. நான்தான். அந்த யோசனையைத் தந்ததும் நான்தான். ரெண்டும் என்ர கணக்கு.

அம்மாவுக்கு வலது முடிஞ்சுது. இடது டிசம்பரில. மூண்டாம் தரம் எழுதுறன்.

நிருபன்


15 நவம்பர் 2024

நிருபன்,

டொக்டர் என்ர கையெழுத்தை மேசையில பரப்பி வச்சிருந்தார். கீழ இங்கிலிஷ். என்ர பிழையான தமிழ், உன்ர சரியான இங்கிலிஷ். வாங்கு மாறி இருந்தது, சப்பாத்துக் கயிறு, எல்லாம். பயிற்சியாளர் எனக்கு முன்னால இருந்து சத்தமாக வாசிச்சார்.

ஒரே ஒரு ஆட்டம். அறுபது நிமிசம். சும்மா வாங்கில இருந்தாலும் கணக்கில ஏறியிருக்கும்.

இந்த நாட்டில என்ர உடம்பின்ர ஒவ்வொரு அங்குலத்தையும் அளந்து, நிறுத்து, படம் பிடிச்சு வச்சிருக்கிறாங்கள். அவங்கள் கை வைக்க ஏலாததெண்டு என்னட்ட இருந்தது உனக்கு எழுதின தமிழ் ஒண்டுதான். அதையும் நீ மாத்திக் குடுத்திட்டாய்.

நேற்றுக் கழட்டி விட்டாங்கள். எனக்குத் தம்பி இல்லை. எழுதாதை.

வாகீசன்


12 ஜனவரி 2025

அண்ணா,

எழுதாதை எண்டாய். அம்மாவின்ர சங்கதி எண்டபடியால் எழுதுறன். இடது கண்ணும் முடிஞ்சுது. பேப்பர் வாசிக்கிறா. உன்ர படத்தைக் கேட்டா. அனுப்பினன்.

தலையைக் காட்டினியோ? ஓம், இல்லை எண்டு ஒரு சொல் போடு. காணும்.

நிருபன்


கொலம்பஸ்
2 ஜூன் 2025

அன்புத் தம்பி நிருபன்,

கனகாலம் உன்ர கடிதம் இல்லை. கோபமோ? நான்தான் எழுதாமல் விட்டனோ தெரியேல்லை. வேலை கூட எண்டால் பரவாயில்லை, உடம்பைப் பார்.

நான் மாமா வீட்டில. காலமையில ஒரு பிள்ளை வந்து ஞாபகத்துக்குப் பயிற்சி தாறா. தினமும் கையால எழுதச் சொன்னா. ஆருக்கு எழுத எண்டு யோசிச்சன், உன்ர முகம்தான் வந்தது.

விளையாட்டு முடிஞ்சுது. போன வருசம் ஆரோ டொக்டருக்குப் போட்டுக் குடுத்திட்டாங்கள். ஒரு ஆட்டம் இருக்கேக்க. என்ர இடத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்த பெடியன் ஒருத்தன் இருந்தவன், அவன்தான் எண்டு நினைக்கிறன். அவனைக் கண்டால் இப்பவும் விடமாட்டன். போகட்டும். உலகத்தில எனக்குப் பொய் சொல்லாத ஆள் நீ ஒருத்தன் இருக்கிறாய், அது காணும்.

கபடிக்கார அண்ணை சுகமோ? பேர் வாயில வருது, பேனையில வருதில்லை.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் எண்டியே, எந்தக் கண்?

உன் அண்ணன்
வாகீசன்


புஜைரா
24 ஜூன் 2025

அண்ணா,

உன்ர கடிதம் வந்து ஒரு கிழமை. பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்ததில்லை நான்.

வைரவன் அண்ணையிட்ட வாசிச்சுக் காட்டினன். அவர்தான் கபடிக்காரர். "விடு தம்பி. அவருக்கு மறந்துபோச்சு, உனக்கு அண்ணன் திரும்பக் கிடைச்சாச்சு. சாமி குடுத்ததுன்னு வச்சுக்க. சுகம்னு நாலு வரி எழுதிப் போடு" எண்டார். எழுதினன். சுகம், நீ சுகமோ, இங்க வெயில் எண்டு நாலு வரி. வாசிச்சுப் பார்த்தன். பன்னிரண்டு மில்லித் தகட்டுக்கு ஒன்பது எண்டு எழுதினவன்ர தாள் மாதிரி இருந்தது. கிழிச்சுப்போட்டன்.

அந்தப் பெடியன் ஒண்டும் செய்யேல்லை. டொக்டருக்கு அனுப்பினது நான். உன்ர மூன்றாவது சீசனை எடுத்தது நான். நவம்பரில உனக்கு எழுதினன், நீயும் பதில் போட்டாய். அந்தப் பதிலை இதோட வச்சிருக்கிறன். உன்ர கையெழுத்துத்தான். எனக்குத் தம்பி இல்லை எண்டு அதில இருக்கு. ஆறுதலா இருந்து வாசி. வாசிச்சிட்டு அதே முடிவெண்டால் ஒண்டும் எழுத வேண்டாம், எனக்கு விளங்கும். இன்னும் ஆறு மாசத்தில இதையும் மறந்து, அன்புத் தம்பி எண்டு எழுதினாயெண்டால், திரும்பவும் இதைத்தான் அனுப்புவன். கொப்பி எடுத்து வச்சிருக்கிறன்.

அம்மாவுக்கு வலது கண் போன வருசம் மேயில, இடது கண் டிசம்பரில. ரெண்டும் சரி. இதை ஐந்தாம் தரம் எழுதுறன். இனியும் கேள், எழுதுவன்.

நிருபன்