துப்பாக்கியால் வளர்த்த இறக்கை

அக்டோபர் 6
எழுதவே கூச்சமாக இருக்கிறது. நேற்று டீக்கடையில் வாயைக் கொடுத்துவிட்டேன். எங்கள் அனகாபுத்தூர் சந்தில் மழைத்தண்ணீரை இறைக்கும் பழைய பம்ப்பின் உள்சக்கரத்தில் தண்ணீரைத் தள்ளும் ஒரு இறக்கை உடைந்துவிட்டது. அந்த பார்ட் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. “எங்க பட்டறைத் துப்பாக்கியால புதுசா வளர்த்துத் தரேன், ஒரு வாரம் போதும்” என்றேன். தாம்பரம் பட்டறையில் துப்பாக்கி மாதிரி ஒரு குழாயால் உலோகப் பொடியை அதிவேகக் காற்றோடு அடித்துப் படியவைப்பது என் வேலை. தேய்ந்த இடத்தை நிரப்பியிருக்கிறேன். எதையும் வளர்த்ததில்லை.

எதிர்வீட்டுப் பொன்னுரங்கம் அண்ணன் நம்பிவிட்டார். பக்கவாதம், நடக்க முடியாது. போன வெள்ளத்தில் அவரை நாற்காலியோடு தூக்கிப் போனோம். தெருவே செல்போனில் படம் பிடித்தது. “இந்த வாட்டி வூட்ட வுட்டு வரமாட்டேன் சுகுமாரு. தண்ணி வந்தா வரட்டும்” என்றார். சிரிக்காமல் சொன்னார்.

அக்டோபர் 11
முதலாளி சம்மதித்தார். இன்ஜினியர் எப்சி மேடம் கூடவே நின்றார். பழைய சக்கரத்தின் மேலேயே அடித்தோம். இறக்கை வரவில்லை, கொழுக்கட்டை வந்தது. அடி அகலம், மேலே போகப்போக ஒடுங்கல். “பூரணம் வைக்கலியா மேடம்?” என்றேன்.

அக்டோபர் 12
அண்ணன் கேட்டார். “வளருது” என்றேன்.

அக்டோபர் 17
துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்து, இரண்டு ஓரத்துக்கும் தனித்தனியாக அடித்தோம். நேராக நின்றது! சுத்தியலால் தட்டினேன். பிஸ்கட் மாதிரி ஒடிந்தது.

அக்டோபர் 21
உலையில் சூடேற்றினால் பொடி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளுமாம். பிடித்தது. தட்டினால் மணியோசை. ஆனால் வளைந்துவிட்டது.

“ஷேப்பைப் பிடிச்சா ஸ்ட்ரென்த் போகுது, ஸ்ட்ரென்த்தைப் பிடிச்சா ஷேப் போகுது அண்ணா.”

“ரெண்டும் போனவன் ஒருத்தன் எதிர்லயே நிக்கிறேனே மேடம்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வானம் கறுத்துக் கிடக்கிறது — நான் என்ன செய்ய?

அக்டோபர் 29
எப்சி மேடத்தின் யோசனை: உலை எந்தப் பக்கம் வளைக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் முதலிலேயே சாய்த்து அடித்தோம். சூடேறியதும் நிமிர்ந்துகொண்டது. சக்கரத்தைச் சந்துக்குக் கொண்டுவந்து பம்ப்பில் மாட்டி, தொட்டித் தண்ணீரில் அரைமணி நேரம் ஓட்டினோம். அண்ணன் ஜன்னலிலிருந்து கைதட்டினார். ஒரு கைதான் வரும், தொடையில் தட்டினார்.

நவம்பர் 14
மூன்றாவது நாளாக மழை.

நவம்பர் 15
காலையில் ஆற்றுத் தண்ணீர் சந்துக்குள் வந்தது. பம்ப் பதினோரு நிமிடம் இறைத்தது. அப்புறம் கடகட. திறந்து பார்த்தால், இறக்கை முழுசாக இருக்கிறது. பழைய இரும்போடு ஒட்டிய இடத்தில் அப்படியே பிய்ந்து வந்திருக்கிறது. அந்த இடத்தைத் தட்டிப் பார்க்க யாருக்குமே தோணலியே! எனக்கும்தான்.

அண்ணன் கட்டிலை விட்டு அசையவில்லை. அவர் மனைவி சரசு அக்கா அழுதார். “யோவ், தண்ணி கட்டில் வரிக்கும் வந்துகினு கீது, வாய்யா.” அண்ணன் என்னைப் பார்த்தார்.

“புட்டுகிச்சா?”

“புட்டுகிச்சுண்ணே.”

நல்ல கையை என் பக்கம் நீட்டினார். “சரி, தூக்கு.”

நாற்காலிக்கு முன்னால் நான், பின்னால் அக்காவின் தம்பி. எனக்கு இரண்டு கையும் நாற்காலியில். நடுச்சந்தில் என் லுங்கி அவிழ்ந்து தண்ணீரோடு போயிற்று. இடுப்பளவுத் தண்ணீர், யாருக்கும் தெரியவில்லை. தெருவே செல்போனோடு ஒதுங்கி நின்ற கல்யாண மண்டபத்துப் படியில் தண்ணீர் இல்லை.