எமிலின் வெள்ளி டாலர்

மார்ச் 14, 2009, சனி
தீயணைப்பு நிலைய மண்டபத்தில் நாணயக் கண்காட்சி. என் மேசை முன்னால்தான் கூட்டம். டுவெய்ன் ஒரு புகையிலை டப்பாவோடு வந்தான். உள்ளே 1893ஆம் வருஷத்து வெள்ளி டாலர். கழுகுக்குக் கீழே சான் பிரான்சிஸ்கோவில் அடித்ததற்கான எஸ் எழுத்து. கிடைக்கவே கிடைக்காத காசு. மாமனார் எமில் இளவயதில் நெவாடா சுரங்கத்தில் கூலியாக வாங்கியதாம். முதியோர் இல்லத்தில் படுத்திருக்கும் அவர்தான் காட்டிவரச் சொன்னாராம். எஸ்ஸைச் சுற்றிக் கறுப்புக் கோடு. வேறு காசிலிருந்து வெட்டி ஒட்டியது, போலி என்றேன். அதோடு நிறுத்தினேனா?

“இந்த எஸ் வீட்டோட மாப்பிள்ளை, டுவெய்ன். பொறந்த வீடு வேற.”

அவன் மாமனார் பண்ணையிலேயே குடியிருப்பவன். மண்டபமே சிரித்தது. அவனும் சிரித்தான்.

மார்ச் 15
வீட்டோட மாப்பிள்ளை! நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

ஏப்ரல் 2
எமில் இறந்த செய்தி பேப்பரில். அடக்கத்துக்குப் போகவில்லை, என் நாணயக் கடையில் வேலை.

மே 23
காலையில் காபிக் கடையில் டுவெய்ன் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தான். வளையத்தில் அந்தக் காசு! விளிம்போரம் துளை போட்டு மாட்டியிருக்கிறான். போலிதானே, சும்மா கிடப்பானேன் என்றான்.

விளையாட்டுப்போல் கையில் எடுத்தேன். சாவிகளோடு உரசி உரசி எஸ்ஸைச் சுற்றியிருந்த கறுப்பு போயிருந்தது. ஒட்டு இல்லை. வெறும் அழுக்கு.

பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்து முன்பக்கம் பார்த்தேன். லிபர்ட்டி என்ற சொல்லில் டி எழுத்தின் தலையில் மெல்லிய கீறல். அந்த வருஷத்து எஸ் காசுகள் எல்லாம் ஒரே அச்சில் அடித்தவை. அச்சிலேயே இருந்த கீறல் அது; இருந்தால் அசல். இந்தத் தொழிலில் யாரும் முதலில் பார்க்கும் இடம். அன்றைக்கு நான் அதைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தேன்.

இதைவிடக் கேவலம் — காசிலுள்ள பெண் தலையில் காதுக்கு மேலே முடி தேயவில்லை, நல்ல தரம் என்றுதான் என் மனசு முதலில் கணக்குப் போட்டது. துளை பிறகுதான் உறைத்தது.

காபி ஆறிவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மே 24
சொல்லவில்லை.

மே 29
ஏன் சொல்லணும்? போட்ட துளையை அடைக்க முடியுமா? யாருக்குத் தெரியப்போகுது? — உனக்குத் தெரியுமே டெல்மா. வெட்கங்கெட்டவளே.

ஜூன் 6
பண்ணைக்குப் போனேன். டுவெய்ன் வயலில் இருந்தான். எமிலின் மகள் வெர்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அசல்தான், தப்பு என்னுடையது, துளையால் குறைந்த விலையை நானே தருகிறேன் என்றேன். அவள் விலையைக் கேட்கவே இல்லை.

“அன்னைக்கு சாயங்காலமே அப்பாகிட்ட போய்ச் சொல்லிட்டேன், டெல்மா. யாரோ உங்கள நல்லா ஏமாத்திருக்காங்கன்னு.”

அவர் என்ன சொன்னார் என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

“மன்னிப்புக் கேட்டாரு. உனக்குன்னு நான் வச்சிருந்தது அது ஒண்ணுதாம்மான்னாரு.”

அவள் அழவில்லை. எனக்குக் காபி ஊற்றினாள். அதைக் குடிக்கவும் செய்தேன்.

ஜூன் 20
காசை விற்கப்போவதில்லையாம். மளிகைக் கடையில் வெர்னாவைப் பார்த்தேன். எப்போதும்போல மழையைப் பற்றிப் பேசினாள். முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்தேன். அவள் கழுத்துச் சங்கிலியில் அந்தக் காசு தொங்கிக்கொண்டிருந்தது.