சிவானந்தன் அண்ணை தந்த சில்லுகள்

புருசெத், ஒஸ்லோ
ஒக்டோபர் 29

அன்பு மகள் ராகவிக்கு,

அம்மா எழுதுவது. அம்மாளாச்சி புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகம். அங்கே ஹம்மர்பெஸ்டில் நீயும் தர்மிகனும் என் பேத்தி நிலூஜாவும் எங்களைவிட ஒரு பிடி கூடுதலாகச் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். தினமும் தொலைபேசியில் கதைக்கிறோம், பிறகு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். தொலைபேசியில் நன்றி சொல்லத் தொடங்கினால், "விடுங்கோ அம்மா" என்று கதையை மாற்றிவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் என்னை மறிக்க முடியாது. ஆகையால் ஒரு தேத்தண்ணியைப் போட்டு வைத்துக்கொண்டு ஆறுதலாக இருந்து வாசி.

அப்பாவின் முழங்கால் நன்றாகத் தேறி வருகிறது. பழைய கார் தாழ்வானது, அதில் ஏறுவதும் இறங்குவதும் அவருக்குப் பெரிய பாடு. இப்போது வாங்கின இந்த உயரமான எஸ்யூவியில் கதிரையில் இருப்பதுபோலச் சுகமாக ஏறி இருந்துவிடுகிறார். இருந்த கையோடு பிரசங்கமும் தொடங்கிவிடும். ஓட்டுவது நான், ஓட்டக் கற்பிப்பது அவர். சிவப்பு விளக்கை எனக்கு முன்னமே கண்டுபிடித்துச் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் மகள், வாங்கும்போது நாங்கள் இரண்டுபேரும் காரின் உயரத்தைப் பார்த்தோமே தவிர, விற்ற சனம் கோடைகால ரயர்களை மட்டும்தான் தருகிறார்கள் என்பதைக் கவனிக்கவில்லை. காலையில் கண்ணாடியில் உறைபனி சுரண்டத் தொடங்கிய பிறகுதான், பனியில் பிடிக்கும் குளிர்கால ரயர் எங்களிடம் இல்லை என்பது உறைத்தது. நத்தாருக்கு நீங்கள் வரும்போது கார்டர்மோன் விமான நிலையத்திலிருந்து குழந்தையை இந்தக் காரில்தானே ஏற்றி வரவேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் உன் சிவானந்தன் பெரியப்பா அம்மருட்டிலிருந்து நாலு சில்லுகளைத் தன் காரில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். அவருடைய பெரிய எஸ்யூவியை விற்றுவிட்டார், வாங்கியவனிடம் குளிர்கால ரயர் வேறு இருந்ததாம். எங்கள் காரும் அதே கம்பனி. "கடையிலை காசைக் கொட்டாதை பாமா, இது ரெண்டு குளிர்கூடக் காணேல்லை" என்றார். உன் பெரியம்மா, தேவிகா அக்கா, நாலு ரயரிலும் சந்தனமும் குங்குமமும் வைத்து அனுப்பியிருந்தா. பார்த்தால் சீர்வரிசை வந்து இறங்கினது போல இருந்தது. உன் அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "பதினேழுக்குப் பதினேழு, கச்சிதம்" என்று ஒரே சந்தோசம். பெரியப்பா அப்போதே சட்டைக் கையை மடித்துவிட்டு முன் சில்லு இரண்டையும் மாட்டிவிட்டார். நான் ஏறி ஸ்ரியரிங்கை முழுக்கத் திருப்பினேன். கரகரவென்று உள்ளே எதுவோ உரஞ்சியது. "புதுசு, ஓட ஓடச் சரியாகும்" என்றார் அவர். "பெரிய சில்லு எண்டா பெரிய பிடி" என்று அப்பா ஒத்தூதினார். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று உனக்குத் தெரியும். நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய ஜனவரி மாதத்தில், அப்பா வடக்கே, இப்போது நீ இருக்கும் பக்கமாக, மீன் தொழிற்சாலையில் வேலை. புயலில் விமானம் ஓடவில்லை, அவரால் வரமுடியவில்லை. காலில் செருப்போடு விமான நிலையத்துக்கு வெளியே வந்த என்னை, அப்பா தொலைபேசியில் சொல்லிவிட, எனக்கு முன்பின் தெரியாத சிவானந்தன் அண்ணைதான் ஒரு தடித்த ஜாக்கெட்டோடும் ஒரு சோடி குளிர்ச் சப்பாத்தோடும் வந்து நின்று கூட்டிப்போனார். இந்தக் கதையை நீ நூறு தரம் கேட்டிருப்பாய். நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தச் சப்பாத்து எனக்கு இரண்டு அளவு பெரிது. நுனியில் காலுறையைச் சுருட்டி அடைத்து, அந்தக் குளிர் முழுக்க வாத்துமாதிரி நடந்தேன். இரண்டு தரம் பேருந்து நிலையத்தில் விழுந்தும் எழும்பினேன். தந்தவரிடம் பெரிது என்று எப்படிச் சொல்வது? அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அண்ணை கேட்கும்போதெல்லாம், "அளவா இருக்கு அண்ணை" என்றுதான் சொன்னேன்.

நல்ல காலம், உன்னிடம் அந்தக் கரகரச் சத்தத்தைப் பற்றி வாய் தவறிச் சொன்னேன். நீ உடனே ரயரின் பக்கத்தில் உள்ள எழுத்தையும் காரின் பதிவு அட்டையையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரயரோடு ரயராகக் குந்தி இருந்து எடுத்தேன். அட்டையில் 225/60 R17 என்று இருக்கிறது, அண்ணை தந்ததில் 235/65 R17. கடைசி இலக்கம் உள்ளே இருக்கும் இரும்பு வளையத்தின் அளவு மட்டும்தான், முதல் இலக்கம் ரயரின் அகலம், நடுவில் இருப்பது அதன் பக்க உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எவ்வளவு என்பது என்று நீ பொறுமையாகச் சொல்லித் தந்தாய். வளையம் ஒன்றாக இருந்தாலும் முழுச் சில்லும் பெரிதாகிவிடுகிறது, திருப்பும்போது உள்ளே உரஞ்சும், எண்பதில் போவதாகக் காட்டிக்கொண்டு உண்மையில் எண்பத்துநாலில் போகும் என்றாய். பக்கத்தில் உள்ள பாரம் தாங்கும் எண்ணும் அட்டையில் உள்ளதற்குக் குறையக்கூடாது என்றாய். பனிக்கு அகலம்தான் நல்லது என்று நான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் அப்படி இல்லையாம், அட்டையில் உள்ள அளவுக்குள் ஒடுக்கமானது பல நேரம் பனியை நன்றாக வெட்டிப் பிடிக்குமாம். இவ்வளவும் நான் அப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன். முதலிலேயே தனக்குத் தெரியும் என்கிறார், அவரை விடு.

அப்பாவின் யோசனை என்ன தெரியுமா? சத்தம் போடாமல் சரியான அளவில் புதிது வாங்கிப் பூட்டுவது, அண்ணையின் சில்லுகளைக் கீழே சாமான் அறையில் மறைத்து வைப்பது, கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளிப்பது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நீதான் விடவில்லை. "அம்மா, கோயில் வாசலிலை ஒருநாள் அவர் உங்கடை சில்லைப் பாப்பார். அப்ப அவருக்கு எவ்வளவு நோகும்? நேரை போய்ச் சொல்லுங்கோ. சொல்லுமட்டும் பிள்ளையை அந்தக் காரிலை ஏத்தமாட்டன்" என்று சொல்லிவிட்டாய். அன்றைக்கு எனக்கு உன்மேல் சரியான கோபம். முப்பது வருசத்துக்கு மேலான உறவை நாலு ரயருக்காக முறிக்கச் சொல்கிறாளே என்று அப்பாவிடம் புறுபுறுத்தேன். அந்த வீட்டு வாசல் எனக்கு அடைபட்டுப்போனால் ஒஸ்லோவில் எனக்குப் பிறந்தவீடு என்று வேறெது இருக்கிறது, சொல்லு பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டு போனோம். அப்பா வழியெல்லாம், "நீதான் கதைக்க வேணும்" என்று நூறு தரம் சொல்லிக்கொண்டு வந்தார். அங்கே போனதும் தொலைக்காட்சிக்குள் தலையை விட்டவர் எடுக்கவே இல்லை. தேத்தண்ணி ஆறிப்போனது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன், அளவு பிழை, உரஞ்சுகிறது, குழந்தையை ஏற்றவேண்டிய கார் என்று. அண்ணையின் முகம் கறுத்துவிட்டது. எழும்பி பல்கனிக் கதவடியில் போய் நின்றுகொண்டு, "கொஞ்சம் பெரிசெண்டா என்ன, வேண்டாமெண்டா வேண்டாமெண்டு சொல்லன்" என்றார். என் மனம் பதறியது. அந்தப் பதற்றத்தில் என்ன சொல்கிறேன் என்று தெரியாமலே, "சப்பாத்து எண்டா காலுறையை அடைஞ்சு போட்டுக்கொண்டு நடக்கலாம் அண்ணை, ரயருக்கு என்னத்தை அடையிறது?" என்று சொல்லிவிட்டேன்.

தேவிகா அக்காதான் குசினிக்குள்ளிருந்து மெல்ல வந்து, "அப்ப அந்தச் சப்பாத்து உனக்குப் பெரிசோ பாமா?" என்று கேட்டா. வழக்கமான பொய் வாய்வரைக்கும் வந்தது. உன் நினைவு வர, அதை விழுங்கிக்கொண்டு, "ஓம் அக்கா, ரெண்டு அளவு" என்றேன். அக்கா எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தா. "அது என்ரை சப்பாத்தடி. என்னட்டை இருந்தது அது ஒண்டுதான். உனக்கு அளவா இருக்கு எண்டு இவர் வந்து சொன்னவர். அதாலை நான் திருப்பிக் கேக்கேல்லை. அந்தக் குளிர் முழுக்கச் சாதாரணச் சப்பாத்தோடை துப்புரவு வேலைக்குப் போய் வந்தனான். பெரிசெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அதை நான் வாங்கிப்போட்டு, உனக்கு அளவா ஒண்டு எங்கையாவது தேடித் தந்திருப்பனே" என்றா. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ராகவி. நான் அவவின் சப்பாத்தில் விழுந்து எழும்பிக்கொண்டு திரிய, அவ வெறும் சப்பாத்தில் விறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறா. நன்றி மறக்கக்கூடாது என்று நான் வாயை மூடினேன், என் மனம் நோகக்கூடாது என்று அவ மூடினா, கடைசியில் இரண்டு பேருக்கும்தான் கால் குளிர்ந்தது. நாங்கள் இரண்டுபேரும் கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்து அண்ணை சிரிக்கத் தொடங்கினார், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். உன் அப்பாவுக்கு அப்போதுதான் தொலைக்காட்சியிலிருந்து தலை வெளியே வந்தது.

மறுநாள் ரயர் கடைக்கு அண்ணையும் எங்களோடு வந்தார். கடைக்காரப் பெடியன் வாயைத் திறக்க முன்னரே பதிவு அட்டையை நீட்டி, இதில் உள்ள அளவைக் காட்டு, பாரம் தாங்கும் எண்ணையும் காட்டு என்று நோர்வேஜிய மொழியில் அதட்டிக்கொண்டு நின்றார். 225/60 R17, பாரம் தாங்கும் எண் அட்டையில் உள்ளதைவிட ஒன்று கூடுதல். ஒஸ்லோ ஓட்டத்துக்கு ரப்பரில் ஆணி பதிக்காதது காணும் என்று எடுத்தோம், உன்னுடைய இடத்துக்கு நீ ஆணி ரயரை விட்டுவிடாதே. பூட்டின பிறகு ஸ்ரியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை. வீட்டுக்கு வந்தால், தேவிகா அக்கா திரும்பவும் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நிற்கிறா. பெரிய சில்லுகள் ரொம்சோஸில் இருக்கும் எங்களுக்குத் தெரிந்த பெடியன் கீர்த்தனனின் காருக்குப் போய்விட்டன. அவன் கேட்டதும், "முதல் உன்ரை அளவைச் சொல்லு" என்றுதான் அண்ணை தொடங்கினாராம்.

உனக்கு என் நன்றி, பிள்ளை. நீ பிடிவாதமாக நிற்காவிட்டால் என் அக்காவின் கால் குளிர்ந்த கதை எனக்குத் தெரியாமலே போயிருக்கும். நீயும் தர்மிகனும் குழந்தையும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் வாழ வேண்டும். இருட்டுக் காலம் தொடங்குகிறது, விற்றமின் டி குடிக்க மறக்காதே, தர்மிகனைக் காதை மூடித் தொப்பி போடச் சொல்லு. இன்னும் ஒன்று. நான் நிலூஜாவுக்குப் பின்னி அனுப்பின மஞ்சள் கம்பளிச் சட்டை எப்படி என்று கேட்டபோது, "அளவா இருக்கு அம்மா" என்றாய். அதற்குப் பிறகு நீ அனுப்பின படம் ஒன்றிலும் குழந்தை அதைப் போட்டிருக்கக் காணவில்லை. உண்மையைச் சொல்லு மகள். அவிழ்த்துத் திரும்பப் பின்னலாம், நூல் இருக்கிறது.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
சத்தியபாமா