பெரிய வெள்ளிக்கு ஒரு காரணம்

அன்புள்ள அம்மாவுக்கு, டில்லியிலிருந்து பிரிஸ்கில்லா எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

புரட்டாசியில், என்னோடு அறையில் இருக்கும் ஒட்டப்பிடாரத்து வள்ளிமயில், முட்டை பொரிக்க வேண்டாமென்றாள். "உங்க சாமி சொன்னது உனக்கு. எனக்கும் ஒத்துவார காரணம் சொல்லு" என்று, பொதுவான விஷயத்துக்கு எல்லாரும் ஏற்கிற காரணமே செல்லும் என அரசியல் தத்துவ வகுப்பில் படித்ததை வைத்து மடக்கிவிட்டேன்.

போன வாரம் பெரிய வெள்ளி. பாட்டு போடாதே என்றேன். "ஏட்டி, எனக்கும் ஒத்துவார காரணம் சொல்லு" என்றாள். வகுப்பு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கடைசியில், "எங்கம்மா இப்ப கோயில்ல எல்லாருக்கும் கஞ்சி ஊத்திட்டு இருப்பாவ" என்றேன்.

அவள் பாட்டை நிறுத்திவிட்டுக் கஞ்சிக்கு அரிசி களைந்தாள்.

கடலைமிட்டாய் அனுப்பினால் இருவருக்கும் சேர்த்து அனுப்புங்கள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. வரும் புரட்டாசியில் நான் முட்டை பொரிக்கப் போவதில்லை. வகுப்பில் யாரும் காரணம் கேட்காதிருந்தால் சரி.