டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நம் பேத்தி கோமுவுக்கு ஆபீசில் பெரிய பதவி கொடுத்திருக்கிறார்கள். அவளுக்குக் கீழே பதினொரு பேர். போன மாதம் நடந்த கார்ப் போட்டியில் பெண்களில் முதலாவதாக வந்தாள். கோப்பை டி.வி.க்கு மேலே இருக்கிறது, பால் தூக்கு உயரம். அவள் தம்பி செந்தில் பேங்க் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறிவிட்டான். என் மகள் வீட்டுச் சின்னவன் ஜனக்புரி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தல் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினான். வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால் 'பானி' என்று கேட்கிற பிள்ளை, மேடையில் ஏறி ஒரு சொல் பிசகாமல் சொன்னான் அண்ணாச்சி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நீங்கள் ஊரோடு போன பிறகு எழுதின கடிதம் எல்லாவற்றையும் இப்படித்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது, 'புதுப் போட்டோ ஒன்று தபாலில் போடுங்கள்' என்று எழுதுவேன். ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் நடுவில் ஒரு விஷயம் எழுத வேண்டியிருந்தது. ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கு எழுதாவிட்டால் என்றைக்குமே எழுத மாட்டேன்.

காலையில் எலுமிச்சம்பழச் சோறு செய்யலாம் என்று பழங்களைத் தட்டில் எடுத்து வைத்தேன். ஒன்று உருண்டு கீழே விழுந்து பிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. நான் குனிந்து பார்க்கிறேன், கை எட்டவில்லை. என் மருமகள், உங்கள் மகள், பின்னாலிருந்து சிரிக்கிறாள்: "விடுங்க அத்தை, எங்க அப்பா வந்துதான் எடுக்கணும் போல!"

இந்த வீட்டில் அது ஒரு வேடிக்கைப் பேச்சு. யாராவது எதையாவது மறந்துவிட்டால், 'தாத்தா எலுமிச்சம்பழத்தை மறந்த மாதிரி' என்பார்கள். ஆறு வருஷமாகச் சொல்கிறார்கள். நானும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இன்று நீங்கள் பெற்ற மகளே சிரித்தபோது என்னால் நிற்க முடியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

கோமு முதன்முதலில் போட்டியில் ஓட்டப்போகிறேன் என்று சொன்ன அன்று வீடு பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். குர்காவ் பக்கம் ஒரு பொட்டல், அதில் சிவப்புக் கூம்புகளை நட்டு வைப்பார்களாம். ஒவ்வொரு காராக வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும், யார் சீக்கிரம் வருகிறார்கள் என்று கணக்கு. என் மகன் முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றான். நீங்கள்தான் இரண்டு தெரு தள்ளியிருந்து நடந்து வந்து, செருப்பைக்கூட கழற்றாமல் வாசலிலேயே நின்று பேசினீர்கள்.

"மாப்ளே, முப்பத்திரண்டு வருசம் சர்க்கார் ஒர்க்ஷாப்புல வண்டி பாத்து அனுப்பிருக்கேன். என் பழைய மாருதியை எடுத்துக்கிடட்டும். ஒரு திருகாணி தளர்ந்திருந்தாலும் நானே பிள்ளைய எறக்கிப்போடுவேன்."

"சரி மாமா, உங்க பொறுப்பு. ஒரு சின்னத் தப்பு நடந்தாலும் இதோட சரி" என்றான் அவன்.

அப்புறம் ஆறு வாரம் உங்கள் வீட்டு வாசல்தான் ஒர்க்ஷாப். நான் தினமும் காபித் தூக்கோடு வந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொள்வேன். பயத்தில்தான் வந்தேன், காபி ஒரு சாக்கு. கோமு கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த காகிதங்களை வாசிப்பாள், நீங்கள் ஒவ்வொன்றுக்கும் மறுப்புச் சொல்வீர்கள்.

"டயர்ல காத்து கூட வைக்கணும் தாத்தா."

"ஏட்டி, கூட வச்சா தூக்கிப் போடும்."

"தாத்தா, ரோடு இல்ல இது. ஃபுல் திருப்பம்தான். காத்து கம்மியா இருந்தா டயர் மடங்கிடும். அச்சா, சாக்பீஸ் தடவி ஓட்டிப் பாக்கலாம். எதுவரைக்கும் அழியுதோ அதுவரைக்கும் தரையில படுதுன்னு அர்த்தம்."

டயர் ஓரத்தில் மூன்று மூன்று கோடாகச் சாக்பீஸ் போட்டு வைத்திருந்தீர்கள். நான் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, வண்டிக்குத் திருநீற்றுப் பட்டை போட்டாச்சே!" என்றேன். நீங்கள் இருமி இருமிச் சிரித்தீர்கள். பக்கத்து மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தால் பிள்ளை சொன்னதுதான் சரியாக இருந்தது. "நீ சொன்னதுதாம்ட்டி சரி" என்று எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். அப்படிச் சொல்கிற ஆம்பிளைகளை நான் அதிகம் கண்டதில்லை.

வண்டியில் ஆட்டம் கொடுக்கிற பொருள் ஒன்றும் இருக்கக்கூடாது என்றீர்கள். ஸ்டெப்னி டயர், ஜாக்கி, மிதியடி, பின்னால் கிடந்த குடை, கதவுப் பையிலிருந்த சில்லறை எல்லாம் வெளியே வந்தன. பேட்டரியை இறுக்கிக் கட்டினீர்கள். விளக்குக் கண்ணாடி உடைந்தால் சிதறக்கூடாது என்று குறுக்கே டேப் ஒட்டினீர்கள். கடைசியில் திருப்புளியை எடுத்து, முன்னால் ஒட்டியிருந்த பிள்ளையாரையும் நெம்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

எனக்குச் சுருக்கென்றது. "பிள்ளையாருமா அண்ணாச்சி?"

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் தங்கச்சி. பிள்ளையார் எங்கிட்ட பத்திரமா இருப்பாரு."

வெள்ளிக்கிழமை முருகன் கோயிலுக்குப் போனேன். குருக்கள் பாதத்தில் வைத்து ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார். ஊரில் என்றால் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பலாம். அதுவும் கூடாது, டயரில் ஈரம் பட்டால் வழுக்கும் என்று முன்பே சொல்லிவிட்டீர்கள். இரண்டு ராத்திரி அந்தப் பழத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். தூக்கம் எங்கே வந்தது? காவலுக்கு ஒன்றுமே இல்லாத வண்டியில் பிள்ளை போகிறாள், போகிறாள் என்றே மனது அடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எல்லாரும் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். நீங்கள் கடைசியாக ஒரு தடவை வண்டி முழுக்கக் கைவிட்டுத் தடவிப் பார்த்துவிட்டுக் கை கழுவ உள்ளே போனீர்கள். அந்த நேரம் பார்த்து நான் போய், டிரைவர் சீட்டுக்கு அடியில், பின்பக்கமாக ஒரு பள்ளம் இருந்தது, அதில் பழத்தை வைத்துவிட்டு வந்தேன். அப்போதுதான் மூச்சே வந்தது எனக்கு.

பொட்டலில் ஒரே புழுதி. கோமு முழுக்கைச் சட்டையும் ஷூவும் போட்டுக்கொண்டு, வண்டியை எடுப்பதற்கு முன்னால் பாதை முழுவதையும் காலால் நடந்து பார்த்தாள். ஒவ்வொரு கூம்பிலும் நின்று கண்ணை மூடிக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பரிசோதனைக்கு ஒரு சர்தார் பையன் வந்தான். பேட்டரியை ஆட்டினான், பிரேக்கை மிதித்தான், ஹெல்மெட்டைத் தட்டினான். "லூஸ் சாமான் ஏதும்?" என்று இந்தியில் கேட்டான்.

"ஏக் பின் பீ நஹீ" என்றீர்கள், ஒரு ஊசிகூட இல்லை என்று, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அவன் நீட்டின தாளில் கையெழுத்துப் போட்டீர்கள். தமிழில் போட்டீர்கள். அந்தப் பையன், "வாஹ் பாபாஜி" என்றான். நானும் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோமுவுக்கு முன்னால் நாலு வண்டி. அதில் ஒன்று கூம்புகளையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு நேராகப் போய்க் கயிற்றுக்கு அப்பால் நின்றது. ஜனங்கள் ஓடினார்கள். நீங்களும் போய்ப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள்.

"ஆளுக்கு ஒண்ணுமில்ல. தண்ணி பாட்டிலு. திருப்பத்துல உருண்டு வந்து பிரேக்குக்கு அடியில உக்காந்துட்டு. மிதிக்கான், மிதிக்கான், எறங்க மாட்டேங்கு. இப்பப் புரியுதா தங்கச்சி, நான் பிள்ளையாரைக்கூட எதுக்கு எறக்குனேன்னு?"

கோமு வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். இன்னும் இரண்டு வண்டிதான். சொன்னால் நீங்கள் போட்ட கையெழுத்து பொய்யாகிவிடும். பிள்ளையை ஓட்ட விடமாட்டார்கள். மகன் இதோடு சரி என்பான். உருளாது, பள்ளத்தில்தானே வைத்தோம், சாமி பழம்தானே என்று நினைத்தேன். ஒன்று போனது, மற்றதும் கிளம்பியது. அது போட்ட முதல் வளைவைப் பார்த்தேன், வண்டியே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எந்தப் பள்ளத்தில் எந்தப் பழம் நிற்கும்?

"அண்ணாச்சி" என்றேன். "சீட்டுக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன்."

ஏன், எப்போது என்று நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தை ஒரு கணம் பார்த்தீர்கள். அவ்வளவுதான், ஓடினீர்கள். மாடிப்படி ஏறவே முட்டியைப் பிடித்துக்கொள்கிற மனிதர், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் புழுதியில் ஓடினதை நான் மறக்கவே மாட்டேன். கொடி கீழே இறங்கப்போகிற நேரத்தில் கோமு வண்டிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றீர்கள்.

"பாபாஜி! க்யா கர் ரஹே ஹோ?" என்ன பண்ணுகிறீர்கள் என்று சர்தார் பையன் கத்தினான். நீங்கள் கதவைத் திறந்து, குப்புறக் குனிந்து, பழத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தீர்கள்.

"மேரீ கல்தீ. மைனே ரக்கா தா" என்றீர்கள். என் தப்பு, நான்தான் வைத்தேன் என்று.

அதற்குள் மகன் வந்துவிட்டான். அத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டான். "மாமா, நீங்களே இப்படிப் பண்ணலாமா? ஆறு வாரம் பாத்துப் பாத்து, கடைசில எலுமிச்சம்பழமா? பிள்ளை போயிருந்தா?" நீங்கள் தலையைக் குனிந்து நின்றீர்கள். நான் நாலு எட்டு தள்ளித்தான் நின்றேன். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை.

கோமுவுக்கு மூன்று ஓட்டத்தில் ஒன்றைக் கழித்துவிட்டார்கள். இரண்டாவதில் ஒரு கூம்பைத் தட்டினாள். மூன்றாவதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஓடி வந்து, "தாத்தா, வண்டி ஒன்னம்பர்!" என்று உங்களைத்தான் கட்டிக்கொண்டாள். வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. எல்லாரையும் நிற்கவைத்து நீங்கள் போட்டோ எடுத்தீர்கள். அந்தப் படத்தில் உங்கள் நிழல் மட்டும் எங்கள் காலடியில் விழுந்திருக்கிறது.

திரும்பி வரும்போது மெதுவாகச் சொன்னேன்: "நான் வீட்ல போய்ச் சொல்லிருதேன் அண்ணாச்சி."

"எதுக்கு? கையெழுத்துப் போட்டது நாந்தானே. போடுதவன் அந்த நேரத்துல மறுபடியும் கையவிட்டுப் பாத்திருக்கணும். வீட்ல பாத்தாச்சேன்னு விட்டுட்டேன். ஒர்க்ஷாப்புலயும் இதே கணக்குத்தான். கையெழுத்துப் போட்டவன்தான் பொறுப்பு. விடுங்க தங்கச்சி."

நீங்கள் விட்டுவிட்டீர்கள். நானும் அதைப் பிடித்துக்கொண்டு விட்டுவிட்டேன். ஆனால் அடுத்த போட்டிக்குக் கோமுவே கேட்டும், மகன், "மாமாவுக்கு வயசாயிடுச்சும்மா, மறதி வந்துடுச்சு" என்று வண்டியை வேறு ஒர்க்ஷாப்புக்கு அனுப்பிவிட்டான். நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாரோ ஒருவன் உங்கள் வண்டியைத் திருகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஒரு தடவை, "அந்த நட்டு..." என்று ஆரம்பித்தீர்கள். "பார்த்துக்கறோம் அங்கிள், ஜல்தி இருக்கு" என்றான் அந்தப் பையன். அடுத்த வருஷம் மதினியோடு பாளையங்கோட்டைக்கே போய்விட்டீர்கள். டெல்லிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொன்னீர்கள். முப்பத்தைந்து வருஷம் ஒத்துக்கொண்ட குளிர்தானே அண்ணாச்சி?

அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வண்டி உங்கள் கையைவிட்டுப் போயிருக்காது. அதைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறேன். இப்போதும் எந்தக் காரில் ஏறினாலும் முதலில் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்க்காமல் என்னால் உட்கார முடிவதில்லை. டாக்சிக்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

இதுவரை எழுதிவிட்டு, எழுந்து போய் உங்கள் மகளிடம் சொல்லிவிட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள். பிறகு பிரிட்ஜை ஒரு பக்கமாக நகர்த்தி, அந்தப் பழத்தை எடுத்து, கழுவி, கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இத அப்பா முன்னாடி வைக்கலாம்னா, இந்த வீட்ல மாட்டி வைக்க நல்லதா ஒரு படம் இல்லையே அத்தை. கல்யாண ஆல்பத்துல யாரையோ முறைச்சிட்டுல்ல நிக்காங்க" என்றாள். அப்புறம்தான் அழுதாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். திட்டவில்லை. மகனுக்கு ஆபீஸ் விட்டு வந்ததும் சொல்ல வேண்டும். கோமு ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், அவளுக்கும் நானேதான் சொல்ல வேண்டும்.

இந்தக் கடிதத்தை வழக்கம்போல உங்கள் வீட்டு விலாசத்துக்கே போடுகிறேன். மதினிக்குக் கண் தெரியாது. உங்கள் பெரிய மகன்தான் வாசித்துக் காட்டுவான். தம்பி, சத்தமாக வாசி. பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் பரவாயில்லை. பழத்தை வைத்தது நான். அஞ்சாம் வகுப்புக் கையெழுத்து, கோணலாகத்தான் இருக்கும். ஆனாலும் கீழே முழுப் பெயரையும் எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டவள்தான் பொறுப்பு.

மதினி, ஒர்க்ஷாப்பில் காக்கிச் சட்டையோடு, கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு அண்ணாச்சி சிரிக்கிற படம் ஒன்று உங்கள் பெட்டியில் இருக்கும். நான் பார்த்திருக்கிறேன். அதைக் கடையில் கொடுத்துப் புதிதாக ஒரு போட்டோ போட்டு, மடங்காமல் அட்டை வைத்து, தபாலில் அனுப்புங்கள். கோமுவின் கோப்பைக்கு மேலே ஆணி அடித்தாகிவிட்டது.