மறுதரப்பின் கருத்து

பதிவு 1. 2067 அக்டோபர் 14, காலை 7.40
இடம்: லியாங்ஷூய் நகரம், சீனா. எழுதுவது தவமலர், பினாங்குச் செய்தி நிறுவனத்தின் நிருபர். உடன் கேமராக்காரர் இருதயராஜ். வானம் தெளிவு. கருவிகள் சரி. ஆலைத் தொழிலாளர்கள் மூன்றாவது நாளாகச் சதுக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். காணாமல் போன பன்னிரண்டு பேர் எங்கே என்பது ஒன்றுதான் அவர்கள் கேள்வி. விடுதிக் கஞ்சியில் இன்றும் உப்பில்லை.

பதிவு 2. அதே நாள், மாலை 4.15
சதுக்கத்தில் போலீசார் சுட்டார்கள். என் கண்ணால் எண்ணியது நாற்பத்தொரு உடல்கள். ராஜுவின் கேமராவைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஷென் ரூயி என்ற பெண் பேருந்து ஓட்டுநர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, அடிபட்டவர்களை ஏற்றினார். அவருடைய போனில் முழுப் படமும் இருக்கிறது. 18ஆம் தேதிப் படகில் அவரை ஏற்றி அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்குள் பிடிபட்டால் அவரும் இல்லை, படமும் இல்லை.
அவர் ஒளிந்திருக்கும் இடம்: செங்கல் சந்து, 9ஆம் எண், நூடுல்ஸ் கடை மாடி. இதை எழுதக்கூடாதுதான். ஆனால் ரூயியே எழுதச் சொன்னார். தெருவிளக்குக் கம்பங்கள் முனக ஆரம்பித்தால் ஊரே மறந்துவிடுமாம், போன வருடம் பக்கத்து நகரத்தில் அப்படித்தான் செய்தார்களாம். காகிதம் மட்டும் மறக்காது என்றார்.

பதிவு 3. அக்டோபர் 15, காலை 9.05
கம்பங்கள் பதினொரு நிமிடம் முனகின. பல் கூசியது. காதில் பஞ்சு வைத்தும் பயனில்லை, ஒலி எலும்பு வழியாக ஏறுகிறது. பிறகு ராஜு போனில்:
"தவம், கேமராவ காணோம்லா. டாக்சியிலயே வுட்டுட்டேன் போல. ஆபீஸ்ல என்னைக் கொன்னுடுவாங்க."
சதுக்கத்தை நினைவுபடுத்தினேன்.
"என்னா சதுக்கம்? நேத்து முழுக்க ரூம்லதான படுத்துக் கெடந்தோம்?"
சிரிக்கிறான், மடையன். நோட்டைத் திறந்து நேற்றைய பதிவை மறுபடி வாசித்தேன்.

பதிவு 4. அக்டோபர் 16, பகல் 12.30
மூன்றாவது முனகல் முடிந்தது. நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று. பேருந்து நீலமா, பச்சையா? அந்தப் பெண்ணின் முகம் வரவில்லை. பெயர் மேலே இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். பயமாக இருக்கிறது. இருபது வருடத்தில் எங்கேயும் இப்படிப் பயந்ததில்லை. இதைக் கையில் எடுப்பது யாரானாலும், அது நானே ஆனாலும், நம்பு. ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. நம்பு. நாற்பத்து

பதிவு 5. அக்டோபர் 17, காலை 10.20
பையில் இந்த நோட்டு கிடைத்தது. கையெழுத்து என்னுடையது. எழுதிய நினைவு இல்லை. உள்ளே இருப்பது கொலைக் குற்றச்சாட்டு. ராஜுவுக்கும் எதுவும் தெரியவில்லை. நம்பு, நம்பு என்று வேறு கெஞ்சுகிறது. அப்படிக் கெஞ்சும் செய்தியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று புது நிருபர்களின் உயிரை எடுப்பவள் நான். குற்றம் சாட்டப்பட்டவரின் பதிலைக் கேட்காமல் என் பெயரில் ஒரு வரிகூட வந்ததில்லை.
ஆகவே நகரத் தகவல் அலுவலகத்தை அழைத்தேன். அதிகாரி மிகவும் மரியாதையானவர். நான்கு பதிவுகளையும் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். ஓரிடத்தில் மட்டும் நிறுத்தினார்:
"மன்னிக்கவும் அம்மா. கடைக்கு மேலே என்றீர்களே, எந்தச் சந்து?"
சொன்னேன். எண்ணையும் சொன்னேன். சரிபார்க்க அவர்களுக்கும் தகவல் வேண்டுமே.

பதிவு 6. அதே நாள், காலை 11.50
பதில் வந்தது. அப்படியே குறிக்கிறேன்:
"14ஆம் தேதி எந்தச் சம்பவமும் நடக்கவில்லை. ஷென் ரூயி என்ற பெயரில் இந்த நகரத்தில் யாரும் இல்லை. நேரில் போய் உறுதி செய்துவிட்டோம். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."
மறுப்பு கிடைத்துவிட்டது. செய்தி கைவிடப்படுகிறது. ராஜு கீழே சாப்பிடக் கூப்பிடுகிறான். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கிறது, ஏனென்று தெரியவில்லை. நல்லவேளை, அச்சில் ஏறுவதற்கு முன்பே கேட்டுவிட்டேன்.