வெறும் பெட்டியை முக்கிப் பார்

ஜனவரி 14
கடைக்கு மூன்று ஹவுசிங் வந்தன. கேமராவை அலைக்குள் கொண்டுபோகும் பெட்டிகள். மூன்றுக்கும் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் மாற்றி, தொட்டியில் அழுத்திப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. என் மனைவி கியெலே இறந்து நாற்பது நாள். என் கை மட்டும் பிசகாமல் வேலை செய்கிறது.

ஜனவரி 17
அவள் அண்ணன் மகோவா வந்தான். பிணத்தைக் கரையேற்றிய அன்று, எல்லார் முன்னாலும் “நீ எடுத்துக் குடுத்த பெட்டிதான்டா என் தங்கச்சி மண்டையை உடைச்சுது” என்று கத்தியவன்.

உண்மைதானே. அலையைப் படமெடுக்கப் பிளாஸ்டிக் போதும், கைக்கு லேசாக இருக்கும் என்றாள். அலுமினியம்தான் தாங்கும் என்று நான்தான் அடம்பிடித்தேன். தாங்கியது. அலை அதைத் திருப்பி அவள் நெற்றியில் அடித்தபோதும் பெட்டியில் ஒரு கீறல்தான்.

“மச்சான், அடுத்த மாசம் சாம்பலைக் கடல்ல விடறோம். நம்ம வழக்கப்படி எல்லாரும் அலைப்பலகையில கடலுக்குள்ள போய் வட்டம் கட்டுவாங்க. அம்மாவால தண்ணில இறங்க முடியாது. தங்கச்சி கேமராவுலயே படம் எடுத்து அம்மாவுக்குக் காட்டணும். எந்த ஹவுசிங் சரியா வரும்?”

“பார்த்துச் சொல்றேன்.”

“இந்தத் தடவையாவது ஆளைக் கொல்லாததா பாரு.” சிரித்தான். நானும் சிரித்தேன் போலிருக்கிறது.

ஜனவரி 25
பிளாஸ்டிக்தான். வட்டம் முழுக்க அடங்க, முன்பக்கம் குமிழ்க் கண்ணாடி. புது வளையம் போட்டேன்.

ஜனவரி 26
புது வளையத்தைக் கழற்றினேன். பழையதை மாட்டினேன். தட்டையாகிப்போனது, தண்ணீரை அடைக்காது.

ஏன் இதை எழுதிவைக்கிறேன்?

பிப்ரவரி 3
மகோவாவிடம் கொடுத்தேன். “முதல்ல கேமரா இல்லாம, உள்ள காகிதம் வச்சு வெறும் பெட்டியை முக்கிப் பாரு.”

“நீ பார்த்திருப்பல்ல?”

“இருந்தாலும் நீயும் பாரு. எல்லாரும் பார்க்கிறதுதான்.”

“போடா. உன் கைமேல இல்லாத நம்பிக்கையா.”

பார்க்க மாட்டான். தெரிந்துதான் சொன்னேன்.

பிப்ரவரி 11
சாம்பல் விடும் நாள். காது வலி என்று கரையிலேயே இருந்துவிட்டேன். பலகைகள் கிளம்புமுன் மாமியாரோடு சேர்ந்து பூமாலைகளிலிருந்து நூலை உருவினேன். நூலோடு கடலில் போட்டால் ஆமை விழுங்கிவிடும்.

“அவ புருஷன் நீ, போகாம இருக்கலாமாப்பா?” என்றார். அடுத்த மாலையை எடுத்தேன்.

மகோவா பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நீந்தி வந்தான். உள்ளே பாதிக்குத் தண்ணீர். மணலில் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான். “நீ சொன்னியேடா... நான்தான் முக்கிப் பார்க்கல. அம்மா, என்னால அவ கடைசி...”

அவன் தோளில் கை வைத்தேன். “விடு மச்சான். மெமரி கார்டைக் குடு. முயற்சி பண்றேன்.”

பிப்ரவரி 12
கார்டை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தேன். உப்புத் தண்ணீர் கேமராவைத்தான் கொல்லும், கார்டை அல்ல. அது அவனுக்குத் தெரியாது.

பிப்ரவரி 14
திறந்தது. நூற்றுத் தொண்ணூற்றாறு படங்கள். மல்லாந்து சிரிக்கிற கிழவர்கள், காற்றில் பூ, கை கையாகத் தண்ணீரை வாரி அடிக்கிறார்கள். எல்லாப் படத்திலும் வட்டத்தில் ஓரிடத்தில் ஆளில்லாத பலகை. என் பலகை. மகோவா ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே எடுத்திருக்கிறான். ஓரத்தில் அவன் விரல்கள் தெரிகின்றன.

எனக்கு இடம் வச்சிருக்கான். அந்த நாய் எனக்கு இடம் வச்சிருக்கான்.

மார்ச் 2
மாமியார் போன் செய்தார். “ஒண்ணுகூடவா வரலப்பா?”

“வரலம்மா.”

பின்னாலிருந்து மகோவாவின் குரல். “அவனை ஏம்மா கேட்கிற? தப்பு என்னோடது.”

போனை வைத்தேன். அழிக்கவா என்று கணினி இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் ஆம் என்றேன்.